பணியாரத்துக்குப் போகாத பழம்

அமெரிக்காவில் இருக்கும் தங்கை போன வாரம் ஃபோனில், "இங்கே இலையுதிர் காலம் அண்ணா. காலையில் பசங்களுக்கு ஆப்பிளை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுத்தேன்" என்றாள். மைசூரில் இருக்கும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது அம்மா சுடும் வாழைப்பழப் பணியாரம். கூடவே ரசபாளே.

இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் நஞ்சன்கூடு. கபிலா நதிக்கரையில் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் உள்ள ஊர். நம்ம ரஸ்தாளிக்கு உறவான அந்த ஊர் ரசபாளேக்கு 2005-06ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பேர் கிடைத்ததே தவிர, பழம் கிடைப்பதுதான் கஷ்டம். காரணம் பனாமா வாடல் நோய். மண்ணில் வாழும் பூஞ்சை ஒன்று வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகும் பாதையை அடைத்துவிடும். இலை மஞ்சளாகி மரமே சாயும். நோயுள்ள தோட்டத்துக் கன்றைப் பெயர்த்து நட்டால் நோயும் கூடவே போகும்.

1950களில் மத்திய அமெரிக்காவின் குரோ மிஷேல் வாழையை ஏற்றுமதிச் சந்தையிலிருந்து விரட்டியதும் இதே நோய்தான். பெரிய கம்பெனிகள் காவெண்டிஷ் ரகத்துக்கு மாறின. தங்கை கடையில் வாங்குவது அதைத்தான். இங்கே சிறு விவசாயிகள் வேறு பயிருக்குப் போனார்கள். பயிர்க்கடன் பார்க்கும் எனக்குத் தெரியும்: கடனைத் தள்ளுபடி செய்யலாம், பல பத்தாண்டு மண்ணிலேயே தங்கும் பூஞ்சையைத் தள்ளுபடி செய்ய முடியாது.

போன தசராவுக்கு தேவராஜ மார்க்கெட்டில் ஒரு சீப்பு கிடைத்தது. அம்மா மாவைக் கரைத்துவிட்டுப் பழத்தை உரித்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதைப் போய் எண்ணெயில் போடுவதா?" என்று மாவை மூடி வைத்துவிட்டார்.

பணியாரத்துக்கு ஆப்பிளே போதும், தங்கச்சி!