பெயரிழந்த கோப்புகள்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலை, பழைய வெளி வன்தட்டு ஒன்றை அவசரத்தில் ஃபார்மட் செய்துவிட்டேன். என் மாமா 2003ல் தட்டச்சு செய்த ஊர் நினைவுகள் அதில் இருந்தன. வேறு பிரதி இல்லை. மாமாவும் இப்போது இல்லை.

நல்லவேளையாக நான் செய்தது விரைவு ஃபார்மட். இதில் கோப்புகளின் அட்டவணைதான் புதிதாக எழுதப்படும். நூலகத்தின் பட்டியல் அட்டைகளைக் கிழித்ததுபோல. புத்தகங்கள் அலமாரியிலேயே இருக்கும். விண்டோஸ் விஸ்டா முதல், முழு ஃபார்மட் என்றால் தட்டு முழுவதும் சுழியங்கள் எழுதப்பட்டுவிடும். பிறகு மீட்க ஒன்றுமில்லை. எஸ்எஸ்டி வகையிலும் 'டிரிம்' கட்டளை வேலை செய்துவிட்டால் நம்பிக்கை குறைவு.

கோப்பு போனது தெரிந்ததும் அந்தத் தட்டில் எதையும் எழுதக்கூடாது. மீட்கும் மென்பொருளையும் மீட்ட கோப்புகளையும் வேறு தட்டில்தான் வைக்கவேண்டும். தட்டு 'டிக் டிக்' என்று ஒலித்தால் உடனே நிறுத்திவிட்டு வல்லுநரிடம் கொடுங்கள்.

நான் பயன்படுத்தியது ஃபோட்டோரெக் என்னும் இலவச மென்பொருள். பெயர் புகைப்படத்தைச் சொன்னாலும் வேர்ட் கோப்புகளையும் தேடும். அட்டவணையை அது பார்ப்பதில்லை. பழைய வேர்ட் கோப்புகள் எல்லாமே ஒரே 8 பைட்டுகளில் தொடங்கும். இப்படிப்பட்ட தொடக்க முத்திரைகளைத் தட்டு முழுவதும் தேடும். இரவு முழுக்க ஓடியது. காலையில் ஆயிரக்கணக்கான கோப்புகள். ஒன்றுக்கும் பெயரில்லை, வெறும் எண்கள்.

'கிணறு' என்று தேடினேன். மாமா கிணற்றைப் பற்றி எழுதாமல் இருந்திருக்க மாட்டார். ஒன்றும் வரவில்லை. அரை நாள் கழித்துத்தான் உறைத்தது, அவர் எழுதியது திஸ்கியில்! ஒருங்குறியில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. திஸ்கியிலோ, ஐரோப்பிய எழுத்துகள் இருக்கும் மேல் 128 இடங்களில் தமிழ் எழுத்துகள் குடியிருந்தன. எழுத்துரு இல்லாவிட்டால் கோழி கிளறியதுபோல் தெரியும். அதே சொல்லைத் திஸ்கிக்கு மாற்றித் தேடியதும் 3 கோப்புகள் கிடைத்தன.

இரண்டு முழுமையாக இருந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன். மூன்றாவதை வேர்ட் திறக்க மறுத்தது. உரையை மட்டும் பிரித்தெடுத்தேன். தட்டில் துண்டுதுண்டாகச் சிதறிய கோப்பு இம்முறையில் முழுதாகக் கிடைப்பது அரிது. மாமா கிணறு தூர்வாரிய கதை, வாளி உள்ளே இறங்கும் வரைதான் இருக்கிறது.