பால்மரமும் உயிரணுச் சவ்வும்

ஜோகூர் மாநிலத்தில், ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குச் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் பெக்கான் நானாஸ். அன்னாசிப் பட்டணம் என்பது இம்மலாய்ப் பெயரின் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோகூர்த் தோட்டங்கள் பலவற்றில் இளம் ரப்பர்க் கன்றுகளின் இடையே அன்னாசியை நட்டனர். கன்று வளர்ந்து பால் தருவதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை கைச்செலவுக்கு அன்னாசி உதவிற்று.

அருகருகே வளர்ந்த இவ்விரு பயிர்களுக்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. இரண்டும் இரவில் உழைப்பவை. அன்னாசி இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரிவளியை ஏற்கிறது; அதனை அமிலமாக்கி, உயிரணுவினுள் இருக்கும் சாற்றுப்பையில் சேமிக்கிறது; பகலில் துளைகளை மூடிக்கொண்டு அவ்வமிலத்தைச் சர்க்கரை ஆக்கப் பயன்படுத்துகிறது. பால்மரமோ பகல் வெயிலில் இலைவழி இழந்த நீரை இரவில் மீட்டு, பட்டையிலுள்ள பால்குழாய்களை நிரப்பிக்கொள்கிறது. அமிலமாயினும் நீராயினும், உள்ளே செல்வதும் வெளியே வருவதும் உயிரணுவின் மெல்லிய சவ்வுகளின் வழியேதான்.

சவ்வைப் பற்றிய அறிவு மெல்லவே வளர்ந்தது. 1748-இல் நொல்லே என்னும் பிரெஞ்சுத் துறவி, சாராயம் நிறைந்த கலத்தின் வாயை விலங்கின் சவ்வுப்பையால் கட்டி நீரில் மூழ்க வைத்தார். நீர் உட்புகுந்து சவ்வு புடைத்தெழுந்தது. 1820-களில் துத்ரோஷே இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து பெயரிட்டார். இன்று சவ்வூடு பரவல் எனப்படுவது இதுவே. கரைபொருள் மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் செல்லும் என்பதே அதன் சாரம். செருமானியரான பிஃபெஃபர், நுண்துளை மண்கலத்தில் செயற்கைச் சவ்வை உருவாக்கி, அந்நீர் எழுப்பும் அழுத்தத்தை அளந்து 1877-இல் வெளியிட்டார்.

அதே 1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அங்குத் தாவரவியல் பூங்காவின் தலைவராக 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தை ஆழக் கொத்தாமல் பட்டையை மெல்லியதாகச் சீவினால், அக்காயத்தையே மீண்டும் மீண்டும் திறந்து பாலெடுக்கலாம் என 1890-களில் நிறுவினார். அம்முறையே மலாயாத் தோட்டங்களின் அன்றாடத் தொழிலாயிற்று. அத்தொழிலைச் செய்த கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள்.

பால்வெட்டுக்குரிய நேரம் விடியற்காலை. இருள் பிரியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்து, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு நடந்தனர் தாய்மார்கள். வெயில் ஏறிய பின் வெட்டினால் மங்கு நிறையாது என்பதைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். பாலின் எடையைப் பார்த்துக் கூலி கணக்கிட்ட இடங்களில், தாமதமாக எழுந்த நாள் வருமானம் குறைந்த நாளாகும்.

இதன் காரணத்தை எண்ணிக்கையாக அறியும் காலம் பின்னர் வந்தது. 1925-இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பட்டெரியும் போட்மனும், பால்குழாய்களின் உள்ளழுத்தத்தை அளந்து 1964-இல் வெளியிட்டனர். விடியற்காலையில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. மோட்டார் வண்டிச் சக்கரத்தின் காற்றழுத்தத்தைவிடப் பன்மடங்கு மிகுதி. பாலில் கரைந்துள்ள சர்க்கரையும் உப்புகளும் சவ்வின் வழியே நீரை உள்ளிழுப்பதால் எழும் அழுத்தம் இது. கதிரவன் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தமும் தாழும்.

வெட்டிய பால் சில மணி நேரத்தில் ஏன் நின்றுவிடுகிறது என்பதற்கும் சவ்வே விடை தந்தது. வெட்டியவுடன் அழுத்தம் குறைய, சுற்றியுள்ள உயிரணுக்களிலிருந்து நீர் புகுந்து பாலை நீர்க்கச் செய்கிறது. அப்பாலில் மிதக்கும் லூட்டாய்டு என்னும் நுண்பைகளின் சவ்வுகள் சிதைந்து, உள்ளிருந்த பொருள்கள் ரப்பர்த் துகள்களைத் திரளச் செய்து குழாயின் வாயை அடைக்கின்றன. இதனை 1960-களில் அக்கழகத்தின் சவுத்தார்ன் விளக்கினார். மங்கின் அடியில் உறையும் கட்டிப்பாலைக் கண்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இவ்வடைப்பைத் தள்ளிப்போட்டுப் பாலை நெடுநேரம் ஒழுகச் செய்யும் எத்திபோன் மருந்து 1970-களில் தோட்டங்களுக்கு வந்தது. வெட்டும் நாள்களைக் குறைக்க அதனால் வழி பிறந்தது. ஆள்தேவையும் உடன் குறைந்தது. 1992-இல் அமெரிக்கரான பீட்டர் ஆக்ரே, நீர் மட்டும் விரைந்து கடக்கும் புரத வாயில் சவ்வில் உண்டெனக் காட்டினார். 2003-இல் நோபல் பரிசும் பெற்றார். அத்தகைய வாயில்கள் பால்மரத்திலும் உண்டு. எத்திபோன் அவற்றைப் பெருகச் செய்கிறது எனப் பின்வந்த ஆய்வுகள் கண்டன.

ஆய்வாளர் பெயர்களை அறிவியல் நூல்கள் போற்றுகின்றன. மூன்று தலைமுறைகள் வைகறையில் எழுந்த பெண்களின் பெயர்களோ எந்நூலிலும் இல்லை. அவர்கள் உறங்கும் நேரத்தையும், உலை வைக்கும் நேரத்தையும், பிள்ளையைப் பிரியும் நேரத்தையும் வகுத்தது கண்காணாத ஒரு சவ்வு. அதன் பெயரை அவர்கள் கேட்டதில்லை. அதன் நேரத்தை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பால்வெட்டின் வரலாறு எழுதப்படும்போது இவ்விரண்டும் ஒரே பக்கத்தில் இடம்பெறுதல் வேண்டும்.