870 ஆடும் அம்மாவோட நாப்பது பக்க நோட்டும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அம்மாவோட பழைய நோட்டு ஒண்ணு கையில கெடச்சுது. ஆபீஸ்லயும் இந்த வாரம் ஆணி கம்மி. சரி, இனிமே தள்ளக் கூடாதுன்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கங்க. ஒரு காபி எடுத்துக்கிட்டு படிங்க. (தைராய்டு மாத்திரை போட்டவங்க மட்டும் அரை மணி நேரம் கழிச்சு. ஏன்னு கீழே வருது :-))

நமக்கு ஊரு பொன்னேரிக்குக் கெழக்கால, பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு குப்பம். அப்பா கடலுக்குப் போவார், அம்மா கூடையெடுத்துக்கிட்டுப் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போவாங்க. அம்மா கூவினா நாலு தெருவுக்குக் கேக்கும். ஏரியில யாருக்கு என்னிக்கு எந்த எடத்துல பாடுன்னு ஆம்பளைங்களுக்கே சந்தேகம் வந்தா அம்மாவைத்தான் கேப்பாங்க. அவ்ளோ ஞாபகம்.

நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறப்ப அந்தக் குரல் கம்மிப் போச்சு. ஞாபகமும் போச்சு. சித்திரை வெயில்ல போர்வை கேட்டாங்க. மூஞ்சி ஊதிப் போச்சு, முடி கொத்துக் கொத்தாக் கொட்டிச்சு. ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். இன்னொருத்தர் "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தான் இருக்கும்"னார். மூணாமத்தவர் சோத்தைக் கொறைக்கச் சொன்னார். சொந்தக்காரங்க ஒரே வார்த்தையில முடிச்சாங்க, சோம்பேறித்தனம். நானும் ஒருநாள் போன்ல, "சும்மா படுத்துக்கிட்டே இருந்தா அப்படித்தான்மா இருக்கும்"னு சொல்லியிருக்கேன். இதை எழுதறப்ப கூட வெக்கமா இருக்கு.

ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு அரசு ஆஸ்பத்திரியில சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க அம்மாவை முட்டி போட வெச்சு, குதிகாலுக்கு மேலே சுத்தியால தட்டிப் பாத்தாங்க. பாதம் இழுத்துட்டு, மெதுவா, ரொம்ப மெதுவா பழைய நெலைக்குத் திரும்புச்சு. ரத்தம் எடுத்தாங்க. அஞ்சுக்குள்ள இருக்க வேண்டிய டி.எஸ்.எச். எண்பதைத் தாண்டி இருந்துச்சு. ஹைப்போதைராய்டு.

வீட்டுக்கு வந்து நான் அயோடின், உப்புன்னு பாடப் புத்தகத்துல படிச்சதை எடுத்து விட்டேன். அம்மா கேட்டாங்க: "இன்னா கண்ணு சொல்ற? கடக்கரையில பொறந்து, மீனும் கருவாடுமா தின்னு வளந்தவளுக்கு அயோடினு கம்மியா?"

பதில் தெரியல. அந்தக் கேள்வியைப் புடிச்சுக்கிட்டுப் போன கதைதான் இந்தப் பதிவு.

வெடிமருந்தும் ஊதாப் புகையும்

பழவேற்காட்டுல டச்சுக்காரங்க 1613ல கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. துணி வியாபாரம் எல்லாருக்கும் தெரியும். அங்க ஒரு வெடிமருந்துப் பட்டறையும் இருந்துச்சுங்கிறது பலருக்குத் தெரியாது. கீழை நாடுகள்ல இருந்த டச்சுக் கோட்டைகளுக்கு இங்கேர்ந்து வெடிமருந்து போச்சு. வெடிமருந்துக்கு முக்கியமான சரக்கு வெடியுப்பு.

அதே வெடியுப்பு விவகாரத்துலதான் அயோடினே கெடச்சுது. 1811, நெப்போலியன் சண்டைக் காலம். பிரான்ஸ்ல பெர்னார் குர்த்துவாங்கிறவர் வெடியுப்பு தயாரிக்கறதுக்காகக் கடல்பாசிச் சாம்பலைக் காய்ச்சிக்கிட்டு இருந்தார். கந்தக அமிலம் கொஞ்சம் கூடப் போயிடுச்சு. குப்புனு ஊதாப் புகை கெளம்பிக் கறுப்புப் படிகமாப் படிஞ்சுது. அதுதான் அயோடின். 1820ல ஜெனீவாவுல குவாந்தே அதைக் கழுத்துக் கழலைக்கு மருந்தாக் கொடுத்தார். நிறைய பேருக்குக் கழலை சுருங்குச்சு, அளவு மீறினவங்களுக்குப் படபடப்பு வந்துச்சு. கம்மியானாலும் வம்பு, கூடினாலும் வம்பு. இந்தச் சுரப்பியோட மொத்தக் கதையும் இந்த ஒரு வரிதான்.

சோம்பேறிங்கன்னு நெனச்ச பொம்பளைங்க

1873ல லண்டன்ல வில்லியம் கல், நடுவயசுப் பெண்கள் சிலரைப் பத்தி எழுதினார். மூஞ்சி ஊதி, பேச்சு மெதுவாகி, மனசும் மந்தமாகிப் போனவங்க. அஞ்சு வருஷம் கழிச்சு ஆர்டுங்கிற டாக்டர் அதுக்கு 'மிக்ஸிடிமா'ன்னு பேர் வெச்சார். ஆனா காரணம் தெரியல.

காரணத்தைக் காட்டிக் கொடுத்தது ஒரு தப்பு. சுவிட்சர்லாந்துல தியோடர் கோக்கர் கழலை ஆபரேஷன்ல கில்லாடி. ஆனா சுரப்பியை முழுசா எடுத்த ஒரு பொண்ணு ஆளே மாறிப் போயிட்டான்னு சேதி வந்துச்சு. மனுஷன் சும்மா இருக்கல. பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைச்சுப் பாத்தார். முழுசா எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க அதே மாதிரி மந்தமாயிட்டிருந்தாங்க. 1883ல அதை ஒளிக்காம வெளியிட்டார். 1909ல நோபல் பரிசு வாங்கினார். "ஆபரேஷன் சக்சஸ்"னு ஃபைலை மூடாம, 'எப்படி இருக்கீங்க'ன்னு திரும்பக் கூப்பிட்டுக் கேட்ட டாக்டர். இன்னிக்கும் அது அபூர்வம்தான்.

1891ல நியூகாசில்ல ஜார்ஜ் மர்ரேங்கிற இளம் டாக்டர், 46 வயசு அம்மா ஒருத்தருக்கு ஆட்டுத் தைராய்டுச் சாறை ஊசியாப் போட்டார். சில மாசத்துல அந்தம்மா எழுந்து நடமாட ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே, ஊசி வேணாம், சாப்பிட்டாலே போதும்னு கண்டுபிடிச்சாங்க. லேசா வறுத்த சுரப்பியைக் கொத்திப் பழ ஜெல்லியோட சாப்பிடச் சொன்ன டாக்டரும் உண்டு! மர்ரேயோட நோயாளி 28 வருஷம் மருந்து சாப்பிட்டு, 1919ல 74 வயசுல இறந்தாங்க. அதுக்குத் தேவைப்பட்டது 870க்கும் மேற்பட்ட ஆடுகளோட சுரப்பின்னு மர்ரேயே கணக்குப் போட்டு எழுதியிருக்கார். அம்மாகிட்ட சொன்னேன். "எனக்கு எத்தினி ஆடு ஆவும்?"னாங்க :-)

அப்புறம் ஓட்டமா ஓடிச்சு. 1914 கிறிஸ்துமஸ் அன்னிக்கு கெண்டல் தைராக்சினைத் தனியாப் பிரிச்சார். 1927ல ஹாரிங்டன் அதை ஆய்வகத்துலயே செஞ்சார். ஆடுங்க தப்பிச்சுது.

குன்னூர் வந்த வெள்ளைக்காரர்

நம்ம குன்னூர்ல ஊட்டச்சத்து ஆராய்ச்சியை ஆரம்பிச்சு வெச்ச ராபர்ட் மெக்கரிசன் (பின்னாடி அந்த ஆய்வகம்தான் ஹைதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாச்சு), அதுக்கு முன்னாடி கில்கித்ல ராணுவ டாக்டர். ஒரே ஓடைத் தண்ணியைக் குடிச்ச கிராமங்கள்ல, கீழே போகப் போக கழலை அதிகமாறதைப் பாத்தார். தண்ணியில இருக்கற கசடுதான் காரணம்னு சந்தேகப்பட்டு, அந்தக் கசடைத் தானும் சாப்பிட்டு, முன்வந்தவங்களுக்கும் கொடுத்துப் பாத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கவும் செஞ்சுது. கிருமிதான்னு முடிவு கட்டினார். இன்னிக்கு நமக்குத் தெரியும், மலைநாட்டுக் கழலைக்கு முக்கியக் காரணம் அயோடின் பஞ்சம். மனுஷன் பாத்தது நெஜம், போட்ட முடிவு சரியில்ல. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

1956ல இமாச்சலத்துக் காங்ரா பள்ளத்தாக்குல டாக்டர் ராமலிங்கசாமி குழு அயோடின் உப்பைக் கொடுத்துப் பாத்தாங்க. ஆறு வருஷத்துல கழலை பாதிக்குப் பாதி குறைஞ்சுது. சாதா உப்பு தின்ன பகுதியில குறையல. 1962ல தேசியத் திட்டம் வந்துச்சு. சாப்பாட்டுக்கு அயோடின் இல்லாத உப்பை விக்கக் கூடாதுன்னு 1998ல தடை, 2000ல தடை நீக்கம், 2006ல மறுபடி தடை. உப்பளத்துக்காரங்க கோவம், காந்தி பேரைச் சொல்லி நடந்த வாதம்னு அது தனிப் பதிவு அளவுக்கு இருக்கு.

அம்மா கேள்விக்குப் பதில்

பதில் ஜப்பான்ல இருந்துச்சு. 1912ல ஹாஷிமோட்டோங்கிற டாக்டர், நாலு பெண்களோட தைராய்டைக் கண்ணாடியில வெச்சுப் பாத்தா, உள்ளே முழுக்க வெள்ளையணுக்கள் கூட்டம். 1956ல லண்டன்ல ராய்ட், டோனியாக் குழு காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க. நம்ம உடம்போட காவல்படையே சுரப்பியை எதிரின்னு நெனச்சு அடிக்குது.

அதாவது அயோடினுக்கும் இதுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்ல. கடல்பாசி தின்ற ஜப்பான்லயே வரும். மீன் தின்ற குப்பத்துலயும் வரும். 2013ல வெளியான எட்டு நகர ஆய்வுல, நம்ம சென்னையும் சேத்துத்தான், பெரியவங்கள்ல கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்கு ஹைப்போதைராய்டு இருந்துச்சு. "அயோடின் மாத்திரை வாங்கிப் போடு"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. இந்த வகையில கூடுதல் அயோடின் நெலைமையை மோசமாக்கவும் செய்யும்.

நம்பர் வந்த கதை

1960கள் வரைக்கும் டாக்டர்கள் நாடி, எடை, குதிகால் நரம்பு, நோயாளி சொல்றது, இதையெல்லாம் வெச்சுத்தான் பெரும்பாலும் அளவை முடிவு பண்ணினாங்க. பெர்சனும் ரோசலின் யாலோவும் கொண்டு வந்த கதிரியக்க முறையால ரத்தத்துல துளித் துளியா இருக்கற ஹார்மோனையும் அளக்க முடிஞ்சுது. யாலோவுக்கு 1977ல நோபல். அதே முறையில டி.எஸ்.எச். டெஸ்ட் வந்த பெறவுதான், அதுவரைக்கும் பல பேருக்கு மருந்து ரொம்ப அதிகமாப் போயிட்டிருந்துச்சுன்னு தெரிஞ்சுது. பொட்டி தட்டறவங்களுக்குச் சுலபமாச் சொன்னா, டி.எஸ்.எச். மூளை அனுப்பற ரிக்வெஸ்ட். சர்வர் பதில் சொல்லலைன்னா ரிக்வெஸ்ட் ஏறிக்கிட்டே போகும். அதனாலதான் சுரப்பி படுத்தா நம்பர் ஏறுது.

ஆனா நம்பர் வந்ததும் இன்னொண்ணு நடந்துச்சு. டாக்டர் நோயாளி மூஞ்சியைப் பாக்கறதை விட்டுட்டுப் பேப்பரைப் பாக்க ஆரம்பிச்சார்.

2007ல நியூசிலாந்துல எல்ட்ராக்சின் மாத்திரையோட சேர்மானம் மாறிச்சு, மருந்து அதேதான். முப்பது வருஷத்துல 14 புகார் வந்த எடத்துல, ஒன்றரை வருஷத்துல 1,400க்கு மேல வந்துச்சு. டிவியில அதிகமாப் பேசின பகுதியிலேர்ந்து புகாரும் அதிகம்னு ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க. 2017ல பிரான்ஸ்லயும் இதே கதை. மூணு லட்சத்துக்கு மேல கையெழுத்து, பழைய மாத்திரை திரும்பக் கெடைச்சுது. 2020ல லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாத்தினதை ஒழுங்காச் சொல்லாததுக்காக மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஆளுக்கு 1,000 யூரோ கொடுக்கச் சொல்லுச்சு. மாத்திரை கெட்டதுன்னு அந்தத் தீர்ப்பு சொல்லல. சொல்லாம மாத்தினது தப்புன்னு சொல்லுச்சு. எனக்கு இது நியாயமாப் படுது. நோயாளி சொல்ற அவஸ்தையை நம்பணும், காரணத்தை மட்டும் தனியாச் சோதிக்கணும். மெக்கரிசன் கதையும் அதேதான்.

அந்த நோட்டு

அஞ்சாங்கிளாஸ் படிச்ச அம்மா, அந்த டாக்டரம்மா சொன்னதுக்காக ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டாங்க. தேதி, மாத்திரை போட்ட நேரம், பாட்டில் மேலே போட்டிருக்கற நம்பர், மாசம் ஒருக்கா எடை, டெஸ்ட் எடுத்தா அந்த நம்பர். கடைசிக் கட்டத்துல ஒரே வார்த்தை: 'கூவினேன்' இல்லேன்னா 'கூவல'. குரல் வந்துச்சா இல்லையாங்கறதுதான் அவங்களோட அளவுகோல்.

வெர்தா புயல் அடிச்ச 2016 டிசம்பர்ல நாலு நாள் கட்டம் காலி. அந்தக் காலியையும் அப்படியே விட்டிருக்காங்க, பொய்க்கு நிரப்பல.

2019ல ஒரு தடவை டி.எஸ்.எச். திடீர்னு 30க்குப் போயிடுச்சு. அப்ப பாத்த டாக்டர் 100ஐ 125 ஆக்கறேன்னு பேனாவை எடுத்துட்டார். அம்மா நோட்டைப் பிரிச்சு வெச்சாங்க. ரெண்டு மாசமா பாட்டில் நம்பர் கட்டத்துல 25ன்னு இருக்கு! மருந்துக் கடையில மாத்திக் கொடுத்திருக்காங்க. எங்க யாருக்கும் தோணல. அம்மாவும் நம்பரைப் பாத்து எழுதினாங்களே தவிர, அர்த்தம் புரியல. ஆனா எழுதி வெச்சிருந்தாங்க. டாக்டர் பேனாவை மூடிட்டு, "நல்ல வேளைம்மா"ன்னார். வேற எதுவும் மாத்தாம பழைய 100ஐயே தொடரச் சொன்னார். எட்டு வாரத்துல நம்பர் எறங்கிடுச்சு.

அந்த நோட்டு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்ளோதான்:

- காலையில வெறும் வயித்துல, தண்ணியோட. காபி, டிபன் அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் கழிச்சு. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி.
- அளவு மாத்தினா ஆறேழு வாரம் கழிச்சு டெஸ்ட். மறுவாரமே எடுத்தா நம்பர் பொய் சொல்லும், ஏன்னா ரத்தத்துல இருக்கற தைராக்சின் பாதியாகவே ஒரு வாரம் ஆகும்.
- ஒவ்வொரு தடவையும் பாட்டில்ல அளவையும் கம்பெனிப் பேரையும் பாருங்க. மாறியிருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க.
- கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே டாக்டரைப் பாருங்க. அளவு கூட்ட வேண்டி வரலாம்.
- ரிப்போர்ட் காப்பி கேட்டு வாங்குங்க. நோயாளி கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும்னு 2002 மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கு.
- நோட்டு எழுதறது டாக்டர்கிட்ட காட்ட. அளவை நாமளே கூட்டிக் கொறைக்க இல்ல.

இப்ப அம்மா நல்லா இருக்காங்க. நாலு தெருவுக்குக் கேக்கற குரல் முழுசாத் திரும்பல, மூணு தெருவுக்குக் கேக்கும். பாட்டுக் கணக்கு திரும்பிடுச்சு. குப்பத்துல இன்னும் மூணு பேர் இப்ப நோட்டு போடறாங்க. அதுல ஒருத்தங்க, அம்மாவைச் சோம்பேறின்னு சொன்ன அதே சித்தி.

நான் போன்ல சொன்னதுக்கு இன்னும் மன்னிப்பு கேக்கல. அம்மா பதிவெல்லாம் படிக்க மாட்டாங்க. அடுத்த வாட்டி ஊருக்குப் போறப்ப இதை உக்காந்து படிச்சுக் காட்டணும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டறவன். உங்க வீட்டுலயும் திடீர்னு 'சோம்பேறி' ஆனவங்க யாராவது இருந்தா, திட்டறதுக்கு முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாருங்க. உங்க அனுபவத்தைப் பின்னூட்டத்துல சொல்லுங்க, அம்மாகிட்ட படிச்சுக் காட்டறேன்.