வேலூரும் வில்லியம் பெண்டிங் பிரபுவும்



ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வாழும் நமக்குத் தோல் என்பது அன்றாடப் பிழைப்பு. அதில் ஒரு சிறு துண்டு, சென்னை ராஜதானியின் ஆளுநர் ஒருவரைப் பதவியிழக்கச் செய்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

போர்ட்லாந்து கோமகனின் மகனான வில்லியம் பெண்டிங், முப்பது வயது நிறையுமுன்னே, 1803-இல் ஆளுநராகச் சென்னைக்கு வந்தார். அவருடைய காலத்தில் படைத்தலைவர் கிரடாக், சிப்பாய்களுக்குப் புதிய விதிகளைப் பிறப்பித்தார். நெற்றியில் சமயக் குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோலாலான சின்னம் பதித்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். அது பசுத்தோலோ பன்றித்தோலோ என்று இந்துக்களும் இஸ்லாமியரும் ஒருங்கே அஞ்சினர். 1806 மே மாதத்தில் வேலூரில் அதை அணிய மறுத்தவர்களுள் இருவருக்குத் தலைக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. மறுப்பை அறிந்த பின்னும் பெண்டிங்கின் அரசு உத்தரவை விலக்கவில்லை. முதியோரின் ஆலோசனையைத் தள்ளிவிட்ட ரெகொபெயாம் இங்கே நம் நினைவுக்கு வருகிறான். அவனும் சவுக்கைப் பற்றியே பேசினான்.

ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கிகள் முழங்கின. நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் விரைந்துவந்து கோட்டையை மீட்டபோது, நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். இருதரப்பு இரத்தமும் கலந்த மண் அது. கோட்டைக்குள் இன்று நிற்கும் தூய யோவான் ஆலயம் 1846-இல்தான் எழுந்தது.

மிஷனெரிகளே காரணம் என்றும் லண்டனில் சிலர் பழி சுமத்தினர். ஆனால் தலைப்பாகை விதியை எழுதியது எந்த மிஷனெரியும் அல்ல. பெண்டிங்கும் கிரடாக்கும் 1807-இல் திரும்ப அழைக்கப்பட்டனர். அவ்வாண்டில் பெண்டிங்கின் தந்தையே இங்கிலாந்தின் பிரதமர்! அதுவும் உதவவில்லை.

நீதி தமக்கு மறுக்கப்பட்டதாகவே அவர் எண்ணியிருந்தார். 1828-இல் தலைமை ஆளுநராக இந்தியாவுக்கு மீண்டும் வந்தார். உடன்கட்டை ஏறுதலைத் தடைசெய்ய விரும்பியபோது, சிப்பாய்கள் இதை எப்படி ஏற்பார்கள் என்று படை அதிகாரிகளிடம் முன்னதாகவே இரகசியமாகக் கேட்டறிந்தார். 1806-இல் கேளாத கேள்வி அது. 1829 டிசம்பர் 4-இல் சட்டம் வந்தது; படையில் கலகம் எழவில்லை.

1835-இல், நாடு திரும்புமுன், இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடி கொடுப்பதையும் ஒழித்தார். பத்தாண்டுகள் கழித்து, அவர் மறைந்த பின்னர், அத்தண்டனை மீண்டும் கொண்டுவரப்பட்டது.