சிலிம் ரிவர் சாலையில் வந்த டாங்கிகள்

போர்ட்டிக்சன் இராணுவ அரும்பொருளகத்தில் பழைய போர் வாகனங்களை நம்மில் பலர் கண்டிருப்போம். முன்னாள் வீரர் ஒருவர் உடனிருந்து விளக்கினால் இன்னும் நல்லது. அத்தகைய வாகனங்கள் நம் தோட்டங்களினூடேயும் ஓடியதுண்டு.

1942 ஜனவரி 7, விடியுமுன் பேராக்கில் துரோலாக் அருகே ஜப்பானிய டாங்கிகள் சுமார் 30 பாய்ந்து வந்தன. எதிர்த்து நின்ற இந்தியச் சிப்பாய்களில் பலர் அதுவரை டாங்கியையே பார்த்ததில்லை. அவர்களுக்குத் துணையாக ஒரு டாங்கியும் இல்லை. சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் பால்மரக் காட்டுக்குள் கிடந்தன. அவற்றின் வழியே டாங்கிகள் சுற்றிக் கடந்தன. அன்றைக்கே இரண்டு பிரிகேடுகள் சிதறின. ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது.

அத்தோல்வியின் விலை நம்மவருக்கு 1943இல் தெரிந்தது. ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். சிப்பாய்க்குப் பதக்கம் உண்டு, படைப் பதிவேட்டில் பெயரும் உண்டு. அங்கே மாண்ட தோட்டத் தொழிலாளர் பலருக்குப் பெயர் பொறித்த கல்லறைகூட இல்லை.