தூரத்துக் கையும் பக்கத்துச் சாவியும்

கொழும்பிலிருந்து கண்டி வீதி வழியே பயணம் செய்தவர்கள் வரக்காப்பொலவை அறிவர். தலகுலி என்று சிங்களத்தில் வழங்கும் எள்ளுருண்டையை வாங்குவதற்கென்றே அங்கு வாகனத்தை நிறுத்துவோர் பலர். அதன் அயலில் உள்ளது அம்பேபுஸ்ஸ. இலங்கையின் முதற் புகையிரதப் பாதை கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரைதான் போடப்பட்டது. நீளம் 54 கிலோமீற்றர். 1864 டிசம்பர் 27ஆம் திகதி முதல் வண்டி ஓடியது. 1865 ஒக்டோபரில் போக்குவரத்து முறைப்படி ஆரம்பமாயிற்று. அந்தப் பழைய நிலையம் இன்றும் இருக்கிறது.

வரக்காப்பொலவில் உள்ள எங்கள் குடும்ப வீட்டில், கடந்த ஆண்டு, ஒரு பழைய கணினியைத் தொலைவிலிருந்து இயக்குவதற்கான சிறு கருவியொன்றைப் பொருத்தினோம். அந்த வேலையின்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது புகையிரதம்தான். காரணத்தைக் கூறுவதற்கு முன்னர் கொஞ்சம் வரலாறு.

தொலைவில் உள்ள பொருளைக் கம்பி வழியே இயக்கலாம் என்ற எண்ணம் தந்தியோடு பிறந்தது. இலங்கையில் 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே முதல் தந்தித் தொடர்பு ஏற்பட்டது. அதற்கு முன்னர், காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த வெளிநாட்டுச் செய்திகளைக் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை புறாக்களின் காலில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பியது. தந்தி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது.

ஆனால் தந்தி ஆபத்தையும் கொண்டுவந்தது. 1874இல் இங்கிலாந்தின் நோர்விச் நகருக்கு அருகே ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு புகையிரதங்கள் நேருக்கு நேர் மோதின. அனுப்பக்கூடாத நேரத்தில் அனுப்பப்பட்ட ஒரு தந்திச் செய்தியே காரணம். அதன் பின்னர் எட்வேர்ட் டையர் என்பவர் ஒரு பொறியை உருவாக்கினார். இரு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி. பெட்டிக்குள் ‘டேப்ளட்’ என்னும் உலோக வில்லைகள். இந்த நிலைய அதிபர் வில்லையை எடுக்க வேண்டுமானால், அடுத்த நிலைய அதிபர் அங்கிருந்து விசையை அழுத்தி மின்சாரம் அனுப்ப வேண்டும். ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால், அது மீண்டும் ஒரு பெட்டிக்குள் போடப்படும்வரை இரு முனையிலும் மற்றொன்று வராது. எமது மலையகப் பாதையில் சாரதி கையை நீட்டி வாங்கிச் செல்லும் அந்த வளையத்தைப் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். அதனுள் இருப்பது இந்த வில்லைதான்.

தொலைவிலிருந்து இயக்கலாம், ஆனால் இரு முனையிலும் உள்ளவர்களின் சம்மதத்தோடு மட்டுமே இயக்கலாம். அந்தப் பெட்டியின் தத்துவம் இவ்வளவுதான்.

இனிக் கணினிக்கு வருவோம். கணக்கிடும் பொறியொன்றைத் தொலைவிலிருந்து முதன்முதலில் இயக்கிக் காட்டியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்டிபிட்ஸ். 1937இல் தம் வீட்டுச் சமையலறை மேசையில், தொலைபேசி நிலையங்களில் பயன்படும் மின்விசைகளைக் கொண்டு ஒரு கூட்டற் பொறியைச் செய்து பார்த்தார். அதிலிருந்து வளர்ந்த பெரிய பொறி நியூயோர்க்கில் நிறுவப்பட்டது. 1940 செப்டெம்பர் 11ஆம் திகதி, அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள டார்ட்மத் கல்லூரியில் கணித அறிஞர்களின் கூட்டம். பொறியைத் தூக்கிச் செல்ல இயலாது. எனவே ஸ்டிபிட்ஸ் ஒரு டெலிபிரின்டரை மட்டும் அங்கு கொண்டுசென்றார். கணக்கைத் தட்டினால் அது நியூயோர்க்குக்குப் போயிற்று. விடை திரும்பி வந்து தாளில் அச்சாயிற்று. பார்வையாளர்களுள் நோர்பேர்ட் வீனரும், பின்னாளில் எனியாக் கணினியை உருவாக்கிய இருவருள் ஒருவரான ஜோன் மோக்லியும் இருந்தனர். டெலிபிரின்டரின் சத்தத்தோடு செய்தி ஆசிரியபீடத்தில் இளமையைக் கழித்த என் போன்றவர்களுக்கு இந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கடினமன்று.

இலங்கையிலும் இதற்கு ஓர் அழகிய முன்னோடி உண்டு. கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கின் ‘2010’ நாவல் திரைப்படமாக்கப்பட்டபோது, 1983இலும் 1984இலும், அவரும் கலிபோர்னியாவில் இருந்த இயக்குநர் பீட்டர் ஹையம்ஸும் தத்தம் கேப்ரோ கணினிகளைத் தொலைபேசி இணைப்பால் தொடுத்து ஏறக்குறைய நாள்தோறும் எழுதிக்கொண்டனர். இரு இடங்களுக்கும் பன்னிரண்டு மணிக்கும் மேற்பட்ட நேர வித்தியாசம். ஒருவர் உறங்கும் வேளையில் மற்றவர் வேலை செய்தார். அக்கடிதங்கள் 1985இல் நூலாகவும் வந்தன. எங்கள் செய்தி அறையில் கட்டுரைகளை இன்னமும் கையால் எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

கிளார்க்கிடம் சொந்தக் கணினி இருந்தது. தோட்டத்து மக்களுக்கு அது எட்டியது வானொலி வழியாக. 1999இல் யுனெஸ்கோவின் ஆதரவோடு கொத்மலைச் சமூக வானொலியில் இணையத் திட்டம் தொடங்கியது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். நிலையத்தில் உள்ள அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்ததைத் தமிழிலோ சிங்களத்திலோ விளக்குவார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. கேட்பவரின் குரல் ஓரிடம், விசைப்பலகையில் இருக்கும் கை வேறிடம். இதுவும் தொலைவிலிருந்து கணினியை இயக்குவதுதான். நடுவில் கம்பிக்குப் பதிலாக ஒரு மனிதர் இருந்தார். 2005 முதல் அரசாங்கம் நெனசல அறிவகங்களைக் கிராமங்களில் திறந்ததும் இந்த வரிசையில் சேரும்.

உலகில் இதே காலத்தில் மென்பொருள்கள் வளர்ந்தன. 1995இல் பின்லாந்தின் தட்டு யிலோனென், கடவுச்சொற்கள் திருடப்படுவதைக் கண்டு, தொலைத்தொடர்பை மறையாக்கம் செய்யும் எஸ்.எஸ்.எச். முறையை எழுதினார். 1998இல் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடமொன்று வி.என்.சி. என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. தூரத்துத் திரை அப்படியே நம் திரையில் தெரிந்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் அவ்வசதி உள்ளடங்கியே வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது பத்திரிகைப் பக்கங்களைப் பலர் வீட்டிலிருந்தே அமைத்தது இவற்றின் தயவால்தான்.

ஆனால் இவை அனைத்துக்கும் ஒரு குறை உண்டு. தூரத்துக் கணினி ஒழுங்காக எழுந்து, தன் இயக்கமுறைமையை ஏற்றி, வலையமைப்பில் இணைந்த பின்னரே இவை வேலை செய்யும். நோயாளி எழுந்து வந்து கதவைத் திறந்தால்தான் வைத்தியர் உள்ளே போக முடியும் என்பது போல.

எங்கள் வீட்டுக் கணினி எழாத நோயாளி. 2003இல் வாங்கியது. அவ்வாண்டுதான் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களான மக்களின் ஐம்பத்தைந்து ஆண்டுக் கதை ஒரு முடிவுக்கு வருகிறதே என்று, கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களில் முதியவர்களைச் சந்தித்து அவர்கள் வாய்மொழியைப் பதிவுசெய்தேன். இருபத்திரண்டு பேர். ஒலிநாடாக்கள் ஈரத்தில் பழுதாகிவிட்டன. தட்டச்சு செய்த பிரதி மட்டும் அந்தக் கணினியில் எஞ்சியது. இன்று அந்த முதியவர்களில் ஒருவரும் உயிருடன் இல்லை.

பிரதி இருந்தது பழைய பக்கவடிவமைப்பு மென்பொருளில். பின்புறம் செருகியிருக்கும் ஒரு சிறு பூட்டு இல்லாமல் அது திறவாது. எழுத்துருவோ பாமினியைத் தழுவி எங்கள் அச்சகத்து நண்பர் ஒருவர் தாமே மாற்றியமைத்தது. யூனிகோடுக்கு மாற்றும் வழக்கமான மென்பொருள்கள் அதில் தடுமாறின. எந்த விசையில் எந்த எழுத்தை வைத்தார் என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. அவர் வாழ்வது ரொறன்ரோவில்.

முதலில் தொலைபேசிக் காணொளியில் முயன்றோம். என் தங்கையின் மகள் வரக்காப்பொலவில் கைபேசியைத் திரைக்கு நேரே பிடிக்க, நண்பர் கனடாவிலிருந்து சொல்லச் சொல்ல, நான் கொழும்பிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். “மாமா, இது ‘ணு’வா ‘னு’வா எண்டு எனக்கு விளங்கயில்ல, கையும் நோகுது” என்றாள் அவள். மூன்று இரவுகளில் இரண்டு பக்கம்கூட முடியவில்லை. கணினியைக் கொழும்புக்குக் கொண்டுவரலாம் என்றால், வன்தட்டு உராயும் சத்தத்தைக் கேட்ட தொழில்நுட்பவியலாளர், அதை அசைக்கவே வேண்டாம் என்றார்.

அப்போது அவரே கூறிய வழிதான் இந்தக் கருவி. உள்ளங்கையளவான ராஸ்பெரி பை கணினியும், திரைச் சமிக்ஞையைப் பிடிக்கும் ஒரு சிறு பலகையும்தான் அதன் உறுப்புகள். பழைய கணினியிலிருந்து திரைக்குச் செல்லும் வயரைக் கழற்றி, ஒரு மாற்றியின் வழியாகக் கருவியில் செருக வேண்டும். கருவியிலிருந்து ஒரு யூ.எஸ்.பி. வயர் கணினிக்குச் செல்லும். கணினியைப் பொறுத்தவரை அது வெறும் விசைப்பலகையும் சுட்டியும்தான். கணினியில் எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டியதில்லை. இணையத்தில் இணைவது கருவி மட்டுமே. பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2014இலேயே நிறுத்தப்பட்ட எக்ஸ்.பி. கணினியை இணையத்தின் பக்கமே கொண்டுபோகத் தேவையில்லை என்பது பெரிய ஆறுதல்.

மற்றொரு நன்மையும் உண்டு. கணினியின் கடிகார மின்கலம் செத்துவிட்டபடியால், ஒவ்வொரு முறையும் அது பாதியில் நின்று, ஒரு விசையை அழுத்தும்படி கேட்கும். விண்டோஸ் விழிப்பதற்கு முன்னரே நிகழும் இந்தக் கேள்விக்கு மென்பொருள் எதுவும் பதிலளிக்காது. கருவி பதிலளிக்கும், அது வேலை செய்வது இயக்கமுறைமைக்கு வெளியே அல்லவா?

இந்த வலிமையே ஆபத்தும் ஆகும். கருவிக்குள் புகுந்தவர் கணினியின் முன் அமர்ந்தவருக்குச் சமம். வட கொரியத் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்கள் அமெரிக்காவில் இருப்பதாக நடித்து வேலை பெறுவதற்கு, இடைத்தரகர்களின் வீடுகளில் வைத்த மடிகணினிகளை இத்தகைய கருவிகளால் இயக்கியதை அமெரிக்க நீதித் திணைக்களம் 2025இல் வெளிப்படுத்தியது. ஆகவே கருவியோடு வரும் கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றினோம். அதை நேரடியாக இணையத்தில் திறந்துவிடாமல், எங்கள் மூவருக்கு மட்டுமான மறையாக்கப் பாதையின் உள்ளே வைத்தோம்.

கணினியின் மின்விசையோடு கருவியை இணைக்கவும் வசதி உண்டு. அப்படிச் செய்தால் தூரத்திலிருந்தே கணினியை எழுப்பலாம், அணைக்கலாம். அந்த வயரை மட்டும் நாங்கள் பொருத்தவில்லை. நண்பர் ரொறன்ரோவிலிருந்து அழைப்பார். மருமகள் விசையை அழுத்துவாள். வேலை முடிந்ததும் அவளே அணைப்பாள். டையரின் பெட்டி நினைவுக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

குளிர்காலத்தில் அங்கும் இங்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அவருடைய இரவு அவளுடைய காலை. பதினொரு நாட்களில் பத்தொன்பது நேர்காணல்கள் யூனிகோடில் வந்துசேர்ந்தன. மிகுதி மூன்றைத் திறப்பதற்கு முன் வன்தட்டு நின்றுவிட்டது. நினைவகக் குச்சியைச் செருகிப் பிரதிகளை அன்றன்றே எடுத்து வைத்தவளும் அவளே. இல்லாவிட்டால் பத்தொன்பதும் போயிருக்கும்.

மீண்டவற்றுள் என் தாயாரின் நேர்காணலும் ஒன்று. ஒரே லயத்தில் பிறந்த தம் அக்காவைத் தலைமன்னாருக்கு வழியனுப்பிய நாளை அவர் அதில் கூறியிருக்கிறார். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் இரு பிரதமர்கள் ஒப்பமிட்டனர்: ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பார்க்கப்படும். தொலைவிலிருந்து இயக்குவதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டை நான் அறியேன். அதில் தோட்டத்து முனையில் இருந்தவர்கள் கையில் சாவி எதுவும் இருக்கவில்லை. அவர்களைக் கேட்டு எவரும் வில்லையை எடுக்கவில்லை.

புதிய கருவிகள் இனியும் வரும். அவற்றின் வேகத்தையும் விலையையும் ஒப்பிட்டு எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒரு கேள்விதான்: இந்த முனையில் இருப்பவரிடம் விசை இருக்கிறதா?

கடைசி நாள் காலை, திரையில் தெரிந்த பாட்டியின் வார்த்தைகளை மருமகள் தொலைபேசியில் எங்களுக்கு உரக்க வாசித்தாள். பின்னர், “மாமா, நிப்பாட்டட்டா?” என்று கேட்டாள். நிறுத்தச் சொன்னேன்.