ஜீப்பின் அடிவயிற்றுக் கவசம்

இரண்டாம் உலகப்போரின் இலகு இராணுவ ஊர்திகளில், அடிப்பகுதியைக் காக்க இருவேறு வழிகள் கையாளப்பட்டன. 1941 முதல் பெருமளவில் உருவான வில்லிஸ் ஜீப்பில், எஞ்சின் விசையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் பல்சக்கரப் பெட்டியான ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ வண்டியின் நடுவே தாழ்ந்து தொங்கியது. பாறை மோதி அதன் உறை பிளந்தால் எண்ணெய் முழுவதும் ஒழுகி, பற்கள் தேய்ந்து, வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும் என்பதால், ‘ஸ்கிட் பிளேட்’ எனப்படும் எஃகுத் தகடு அதற்கடியில் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டது. ஜெர்மனியின் கூபல்வாகனிலோ, எஞ்சின் பின்புறமிருந்து பின்சக்கரங்களை மட்டுமே இயக்கியமையால், நடுவில் தொங்கும் பெட்டிக்கே தேவை எழவில்லை. அதன் தட்டையான தளம் மணலிலும் சேற்றிலும் சறுக்குவண்டிபோல் வழுக்கிச் சென்றது. வடிவமைப்பின் நேர்த்தியில் இதுவே மேலானது என்றாலும், நான்கு சக்கர இயக்கத்தைக் கைவிட விரும்பாத பிற்கால ஊர்திகள் ஜீப்பின் தகட்டு முறையையே பின்பற்றின.